ப்ரியாவின் மாத்திரைச் சீட்டு

திருச்சுழி
21.6.1998

அன்புள்ள தம்பி டாக்டர் அருஞ்சுனைக்கு,

அக்கா முருகேஸ்வரி எழுதிக்கொண்டது. நீயும் உன் மனைவி மக்களும் சென்னையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

வைகாசியில் ஒரே ஒரு மழை பெய்தது. அத்தானின் கடையில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும்தான் கொஞ்சம் போகின்றன. அவர் உன்மேல் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து கடைக்குப் போய்விடுகிறார்.

என் மகள் கிருஷ்ணப்ரியா மூன்று மாதமாக நம் வீட்டில்தான் இருக்கிறாள். அடுப்படியிலிருந்து கிணற்றடி வரை நடந்தால் சுவரைப் பிடித்து நிற்கிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறாள். இருபத்திரண்டு வயது.

போன வாரம் உன் மனைவி கடைக்குப் போன் செய்தாள். "மதினி, அவுக எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டு இருந்தா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருங்க" என்றாள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தொண்ணூற்றாறில் பங்குனிப் பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். அதற்கு முந்தின வாரம்தான் காரியாபட்டிக்காரர்கள் பெண் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணந்தான், கொஞ்சம் கனம்" என்று சொல்லிப் போயிருந்தார்கள். நான் உன்னிடம் அழுதேன். நீ சிரித்தாய். "இதுக்குப் போயா அக்கா, மெட்ராஸ்ல எத்தனை பேருக்கு எழுதித் தாரேன்" என்று சொல்லி, உன் பெயர் அச்சடித்த தாளில் இளைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தாய். அவள் உள்ளே உனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நீ அவள் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எவ்வளவு நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை.

மாத்திரை அருப்புக்கோட்டையில் கிடைக்காமல் மதுரையில் வாங்கினோம். தை மாதக் கல்யாணத்துக்குள் பதினாறு கிலோ குறைந்தாள். இட்லியைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துபோவாள். வாய் காய்கிறது, நெஞ்சு படபடவென்று வருகிறது என்றாள். "கல்யாணம் முடியட்டும்டி" என்றேன். என் பிள்ளைக்குப் பசி போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன், தம்பி. மேடையில் எல்லோரும் அவளைப் பார்த்து அசந்துபோனபோது எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியும். பாவத்தில் என் பங்கை நான் மறைக்கவில்லை.

நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று நீ சொன்னதால் புருஷன் வீட்டிலும் ஒளித்து வைத்துத் தின்றாள். போன தீபாவளிக்கு வந்தவள் நம் வீட்டுப் படியேறி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். "ரத்தம் கம்மியா இருக்கும், டானிக் கொடுங்க. மாத்திரை அதுபாட்டுக்கு ஓடட்டும்" என்றாய்.

பங்குனியில் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. மூச்சுத்திணறலைப் பார்த்து மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இதய டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு, வால்வு இரண்டு ஒழுகுகிறது என்றார். என்ன மாத்திரை தின்றாள் என்று கேட்டார். சீட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். "இதாலதான்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா இப்படி வருதுன்னு போன செப்டம்பர்லேயே அமெரிக்காவுல இதை நிறுத்திட்டாக. எழுதிக் கொடுத்தவுக சொல்லலையா" என்றார்.

செப்டம்பருக்கு அடுத்த மாதம்தான் தீபாவளி.

பிள்ளையைச் சுமக்க அந்த நெஞ்சு தாங்காது என்றார்கள். கலைத்துவிட்டோம்.

கனம் என்று சொன்ன சம்பந்தி அம்மாள், "நோயாளிய எங்க தலையில கட்டிட்டீக" என்று சொல்லிப் பெட்டியோடு அனுப்பிவிட்டார். மருமகன் சங்கர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்துபோகிறார். "நான் அவள மெலியச் சொல்லவே இல்லையே அத்தை, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே" என்றார்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். ப்ரியா மெலிந்ததைப் பார்த்து, பக்கத்துத் தெரு ஷர்மிளா பானு அந்தச் சீட்டைக் கேட்டாள். புருஷன் துபாயிலிருந்து வருகிறார், அதற்குள் இளைக்க வேண்டும் என்றாள். நான்தான் கொடுத்தேன். அவள் பெயர் இல்லாத சீட்டுக்கு, மதுரைக் கடையில் ஒரு கேள்வி கேட்காமல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து திரும்பிய அன்றே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாமியார் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. நின்று வாங்கிக்கொண்டேன். நானே அவளைக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். ஐந்து மாதம்தான் தின்றிருந்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அதிகம் படிக்காத நான் ஒருத்திக்குப் போய்ச் சொன்னேன். நீ எத்தனை பேருக்கு எழுதினாய் என்று உன் நோட்டில் இருக்குமே. அவர்களுக்குச் சொன்னாயா? தீபாவளியன்று போனில் பேசும்போது உனக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று நீ எழுதினால் நம்பிக்கொள்கிறேன். ஆனால் எழுது.

சீட்டு மதுரை டாக்டரின் ஃபைலில் இருக்கிறது. நான் திரும்பக் கேட்க மாட்டேன். கேஸ் கீஸ் என்று பயப்படாதே. அதற்கு அத்தானுக்குத் தெம்பில்லை. வெளியில் யாரிடமும் நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

நேற்று ப்ரியா ஒரு கேள்வி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, பூத் தொடுத்துக்கொண்டே கேட்டாள். "மாமா மகளும் என்னை மாதிரி பூசினாப்பலதானே இருப்பா. அவளுக்கும் மாமா இதை எழுதிக் கொடுத்தாகளாம்மா?"

கொடுத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

ஆவணிக்குள் ஆபரேஷனா, மாத்திரையிலேயே ஓட்டலாமா என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஒருமுறை வந்து அவள் பக்கத்தில் உட்கார். டாக்டராக வர வேண்டாம்.

உன் மகள் நன்றாகப் பசித்து, கேட்டு வாங்கி, வயிறு நிறையத் தின்று, நூறு வயது வாழட்டும். அப்படித்தான் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா
முருகேஸ்வரி