வந்தவர்கள் எப்போது போவார்கள்?

அப்பா,

இன்று காலை மல்வேர்னில் காருக்குப் பெற்றோல் அடிக்கும்போது கையில் கொஞ்சம் ஊற்றுப்பட்டுவிட்டது. வேலைக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தும் மணம் போகவில்லை. பெற்றோல் ராங்கி பாதிக்குக் கீழே இறங்கினால் உங்களுக்குப் பொறுக்காது. ஈராக் குவைத்துக்குள் புகுந்த அன்று, வண்டியில் எண்ணெய் இல்லாமல் முதலாளி வீட்டிலேயே மாட்டிக்கொண்ட ட்ரைவர் அல்லவா நீங்கள்.

பிறகு பல நாட்டுப் படைகள் சேர்ந்து வந்து ஈராக்கைத் துரத்தின. ஓடியவர்கள் எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போக, மத்தியானத்திலும் லைற் போட்டு வண்டி ஓட்டினீர்கள். மீட்கப்பட்ட மனிதர் நீங்கள். ஆனால் உக்ரைனுக்கு உதவும் தலைவர்கள் ரீவியில் வரிசையாக நின்றால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

"ஏன் வந்தனியள் எண்டு கேட்டால் வடிவாக் கதைப்பாங்கள். எப்ப போவியள் எண்டு கேட்டுப் பார். குவைத்தில இன்னும் நிக்கிறாங்கள். ஊரில எங்கட சனம் சாகேக்க ஆரடா வந்தவங்கள்?"

ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்தது. "அப்ப குவைத்துக்கும் வராமல் விட்டிருக்க வேணுமோ?"

"வராட்டி நான் அங்கயே முடிஞ்சிருப்பன். அதுக்காக அவங்களை நம்பச் சொல்லாதை."

முட்டாள்தனமான பதில் என்று அன்று நினைத்தேன். போன மாரியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். இப்போது என் கொம்பனி என்னை லற்வியாவுக்கு அனுப்பப் பார்க்கிறது. ரஷ்ய எல்லைப் பக்கம் நிற்கும் கூட்டுப் படைகளின் ரேடியோக்களைத் திருத்தும் வேலை. கூட்டத்தில் மனேஜர் பல நாட்டுக் கொடிகள் போட்ட படங்களைக் காட்டிக்கொண்டே போனார்.

"எவ்வளவு காலம் நிற்பார்கள்?" என்று கேட்டேன்.

"தேவைப்படும்வரை."

"யாருக்குத் தேவைப்படும்வரை?"

அவர் அடுத்த படத்துக்குத் தாவினார். அந்தக் கேள்வியை உங்களைப் போலவே, தலையைச் சரித்துக்கொண்டு கேட்டிருந்தேன்.

ஆனாலும் அப்பா, ரேடியோ செத்தால் அங்கே எவனோ ஒருவன் உதவி கேட்கக்கூட வழியில்லாமல் கிடப்பான். குவைத்தில் நீங்கள் கிடந்ததுபோல. கொடிகளை விட்டுவிட்டு அதை மட்டும் யோசித்தேன். மனேஜரிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கத்துவா. "உவங்களை நம்பியே போறாய்?" என்பா. அவவுக்கு என்னிடம் இருப்பது ஒரு பதில்தான்.

"போறன். நம்பிப் போகேல்லை."