மூன்றாம் துறையில் ஒரு மஞ்சள் செம்பருத்தி

என் அன்பான சம்பந்தியம்மாவுக்கு, மாரெட்பள்ளியிலிருந்து உங்கள் மதினி எழுதுவது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பேத்தி நித்யா புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். படித்து முடிக்கும் முன்பே கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். அமீர்பேட்டில் கோச்சிங் போன பேரன் அர்ஜுனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது, அதுவும் அவன் ஆசைப்பட்ட காலேஜிலேயே. உங்கள் மகள் சுதா அவள் ஸ்கூலில் வைஸ் பிரின்சிபால். என் மருமகள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீங்கள் இருந்திருந்தால் என் மகள் என்று சொல்லி என்னை முந்தியிருப்பீர்கள். அஞ்சாம் கிளாசோடு நின்றவள் நான். இதையெல்லாம் என் கையால் எழுதும்போது எழுத்துகூட நிமிர்ந்து நிற்கிறது.

கெட்ட சேதி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் அப்படி ஆகிவிடுமோ என்று நடுங்கினேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? "அவுக மனசு நொந்தா பேச மாட்டாக மதினி. வாய மூடிட்டு எங்கயாவது நடந்துருவாக. ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க." நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டு அண்ணாச்சி அப்படித்தான் ஆகிவிட்டார். போலாரம் வீட்டில் தனியாக இருப்பேன் என்கிறார். சாப்பாடு கொடுத்தனுப்பினால் பாத்திரம் கழுவித் திரும்பி வரும், ஒரு வார்த்தை வராது. உங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. தொட்டியெல்லாம் காய்ந்துவிட்டது.

நித்யாதான் கோதாவரியில் படகுப் பயணம் போகலாம் என்றாள். ராஜமுந்திரி வரை ரயில், அப்புறம் நாள் முழுக்கப் படகு, ராத்திரி மணல்திட்டில் மூங்கில் குடிசை. நடுநடுவே ஊர்களில் இறக்கிக் காட்டுவார்களாம். "எனக்குத் தண்ணின்னா ஆகாது, நக்கோ, வேண்டவே வேண்டாம்" என்றேன். கேட்பாளா அவள்? "தாத்தா வர்றேன்னுட்டாரு பாட்டி, நீங்கதான் சண்டி பண்றீங்க" என்றாள். அவர் வருகிறார் என்றால் நான் வராமல் எப்படி?

போச்சம்மா கோயில் துறையில் முதலில் நிறுத்தினார்கள். தரிசனம் முடிந்து எல்லாரும் படகேறிவிட்டோம், அண்ணாச்சியைக் காணோம். கடைசியில் வந்தார். கையெல்லாம் ஈரம், வேட்டி நுனியில் சேறு. "எங்க போனீங்க அண்ணாச்சி?" என்றேன். மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்தது பேரண்டபள்ளி. மரங்களுக்கு நடுவே சிவன் கோயில், வாசலில் மூங்கிலைச் சீவிப் பூ செய்து விற்கிறார்கள். அழகான ஊர் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் எதைப் பார்த்தேன்? அவர் முதுகைத்தான் பார்த்தேன். சுதாவுக்கு ஒரு பூ வாங்கிக் கொடுத்துத் திரும்புவதற்குள் மறைந்துவிட்டார். மறுபடியும் கடைசி ஆளாக, மறுபடியும் கை ஈரமாக. ஆற்றில் எதற்கு அடிக்கடி இறங்குகிறார்? ஆழம் பார்க்கிறாரா? இதை யாரிடம் கேட்பது? மனசுக்குள் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது துறையின் பேர் என் வாயில் நிற்கவில்லை. கரைமேல் கொஞ்சம் வீடுகள், டீ குடிக்கச் சற்று நேரம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் மணல்திட்டு போய்ச் சேர வேண்டும் என்று படகுக்காரர் ஹாரன் அடித்தார். எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைவு.

தண்ணீர் ஓரத்தில், ஈர மணலில், அண்ணாச்சியின் செருப்பு மட்டும் ஜோடியாக இருந்தது.

சுதா அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அர்ஜுன் மெதுவாகக் கேட்டான், "தாத்தாக்கு ஸ்விம்மிங் வருமா பாட்டி?" என் மகன் ஒரு பக்கம் ஓடினான், அர்ஜுன் ஒரு பக்கம். ஹாரன் மறுபடியும் அடித்தது. மணலில் தண்ணீரை விட்டு மேலே போகும் வெறுங்கால் தடம் ஒன்று தெரிந்தது. அது அவருடையதாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே, முட்டிவலியை மறந்து ஏறினேன்.

மேலே ஒரு வீட்டு வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். உயிரோடு, முழங்கால் வரை சேறோடு. எதிரே அந்த வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். நடுவே மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி, பூவும் மொட்டுமாக. "அடிகிதே இவ்வனா?" என்று அவள் என்னிடம் முறையிட்டாள். கேட்டால் கொடுக்க மாட்டேனா, ஒரு கொம்பு என்ன, பத்து ஒடித்துக் கொள்ளட்டும், வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாரே, பெரியவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்றாள்.

"கெளம்புங்க அண்ணாச்சி, படகு போயிரும்" என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கேட்டு வாங்குனா வேர் பிடிக்காதுன்னு அவ சொல்லுவா தங்கச்சி. கேக்காமதான் எடுக்கணும். இந்தம்மா குடுக்கேன் குடுக்கேங்கா. நான் என்ன செய்ய?"

மடியிலிருந்து ஈரத்துண்டைப் பிரித்தார். உள்ளே முந்தைய இரண்டு துறைகளில் ஒடித்த கொம்புகள். அவை வாடாமல் இருக்கத்தான் துண்டை அடிக்கடி ஆற்றில் நனைத்திருக்கிறார். ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன். போகிற இடமெல்லாம் நீங்கள் கொம்பு ஒடிக்கும்போது "களவாணி" என்று திட்டிக்கொண்டே வந்தவர். எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, இன்னும் தெரியவில்லை.

கீழே ஹாரன் விடாமல் அலறியது. படகுக்காரர் கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. அண்ணாச்சி அசையவில்லை. நான் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, எனக்குத் தெரிந்த தெலுங்கில், "கொஞ்செம் அடு திருகண்டி" என்றேன். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள் தாயி. அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்திருப்பாரோ என்னவோ, ஒன்றும் கேட்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நானும் திரும்பிக்கொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் கொம்பு ஒடிகிற சத்தம் கேட்டது.

முதல் இரண்டு கொம்பும் கருகிவிட்டன சம்பந்தியம்மா. மஞ்சள் செம்பருத்தி மட்டும் துளிர்த்திருக்கிறது. அதற்கு ஊற்றும்போது மற்ற தொட்டிகளுக்கும் ஊற்றுகிறாராம். தினமும் காலையில் எனக்குப் போன் வருகிறது. "இன்னொரு எல வந்துருக்கு தங்கச்சி." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அந்தப் போன் வரும் வரை நான் காபியைத் தொடுவதில்லை.

படகேறியதும் நித்யா ஒரு போட்டோ எடுத்தாள். ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள் அண்ணாச்சி, கையில் திருட்டுக் கொம்பு. செல்போனில் அனுப்பினால் எனக்குப் போதாது. நித்யா, தமிழ்ச் சங்க மலரில் அச்சான இந்தக் கடிதத்தைப் படிக்கிறாய் அல்லவா, பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு கண்ணு, உன் அம்மாச்சி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மறக்க மாட்டேன் சம்பந்தியம்மா. செம்பருத்தி பூத்த பிறகு என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? உங்கள் தெருமுனை வீட்டில் நல்ல அடுக்கு நந்தியாவட்டை இருக்கிறது. அந்த வீட்டம்மாவிடம் இப்போதே பேசி வைத்துவிட்டேன், அண்ணாச்சி வந்தால் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று.

இப்படிக்கு,
நம் பேரப்பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்கும் பாட்டி