கல்யாணப் படங்களும் கம்ப்யூட்டரின் மூச்சுத் திணறலும்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான், கோபத்தில் சோறு மட்டும் இறங்கவில்லை.

இந்த ஸ்டுடியோ கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிடும் என்று நான் வந்த அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்? போன வாரம் நீ அனுப்பிய கல்யாணப் படங்களை ஏற்றிவிட்டு, படங்களை அடுக்கி வைக்கும் சாஃப்ட்வேரைத் திறந்ததும் அது மெமரி முழுவதையும் விழுங்கிவிட்டது. மவுஸை இழுத்தால் அம்புக்குறி எறும்பாக ஊர்கிறது. முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார்: "உன் வீட்டுக் கல்யாணப் படத்தையெல்லாம் இதுல கொட்டி வச்சா தாங்குமாய்யா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "எங்க வீட்டுப் படத்து மேல பழி போடாதீங்க. இந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு படத்துலயும் யார் யார்னு முகம் தேடிக்கிட்டு இருக்கு. அதை நிறுத்தினா போதும்" என்றேன். நானே நிறுத்தினேன். மெமரி பாதியாக இறங்கி, கம்ப்யூட்டர் துள்ளி எழுந்தது. முதலாளி என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். சாஃப்ட்வேர் செய்தவனே என்னிடம் வந்து பாடம் கேட்கலாம்.

நிறுத்தும் முன் அது கண்டுபிடித்த முகங்களைப் பார்த்தேன். நீ, அத்தான், மணக்கோலத்தில் உன் மகள், என் மருமகள், வாசலில் செருப்புத் தேடிய சித்தப்பாகூட இருந்தார். தாய்மாமன் முகம் மட்டும் இல்லை. கூறுகெட்ட சாஃப்ட்வேர். வராதவனை அது எங்கே போய்த் தேடும்?

நாலு படம் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. மருமகள் சிரிக்கிற படம் கட்டாயம் வேண்டும். கடை திறந்தாயிற்று, கூப்பிடுகிறார்கள்.

அக்கா, முதலாளி மன்னிப்புக் கேட்டது மட்டும் நானாகச் சேர்த்தது. படங்களை அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டேன்.

உன் தம்பி