சேகர் தெருவில் கேட்ட மன்னிப்பு

செவ்வாய்க்கிழமை, இரவு.

அரசாங்கம் செல்போன்களை ஒட்டுக்கேட்ட மென்பொருள் பற்றிய செய்தி வெளியே கசிந்ததிலிருந்து அம்பத்தூர் முழுக்க இதே பேச்சு. என் கணவரின் கம்பெனித் தொழிற்சங்கக்காரர்களின் போனையும் கேட்டிருக்கிறார்கள்; சங்கத்து விஷயம் போலீசுக்குப் போனது அப்படித்தான். ஸ்ட்ரைக் சமயத்தில், என் கணவர்தான் போலீசுக்குத் தகவல் சொன்னார் என்று எங்கள் வாசலில் நின்று கத்திய, அவரோடு வேலை செய்யும் சேகர், இன்று சாயங்காலம் வந்தான்.

“தப்பாப் பேசிட்டேன் அண்ணி. உள்ள வந்து அண்ணனாண்ட மன்னிப்பு கேட்டுக்கினு பூடறேன்.”

“தெருவுலதானே கத்தின? தெருவுலயே சொல்லு. சத்தமா.”

சொன்னான். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

“போதும், வுடு,” என்றார் இவர் உள்ளேயிருந்து.

அந்தப் பழியால் கேன்டீனில் இத்தனை நாளும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவர். எனக்குப் போதவில்லை. நாளைக் காலை ஷிப்ட் மாறும்போது கம்பெனி வாசலிலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நானும் போய் நிற்பேன்.