அரைக் குதிரை

திங்கட்கிழமை, கடையில் இருந்து

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுது. ஜெனரேட்டர் அறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்க்கிறாயாம். உன்னோடு வேலை செய்கிறவரின் மனைவி சோபா உறை தைக்கக் கொடுக்க வந்தபோது சொன்னார். நீயாகவா சொல்லப்போகிறாய்? ஒரு வருஷத்தில் இரண்டு கடிதம், கடிதத்துக்கு நான்கு வரி. அதிலும் கடைசி வரி "உடம்பைப் பார்த்துக்கொள்". கல்லுளிமங்கன்!

உடம்பைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இடுப்பெலும்பு நன்றாகக் கூடிவிட்டது. தோள்பட்டை மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே முனக ஆரம்பிக்கிறது. மற்றபடி தையல் மெஷினில் நாள் முழுக்க உட்கார முடிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி, எழுந்து குதிக்காதே. வற்றின ஏரிப் படுகையில் நடக்கிற மோட்டார் சைக்கிள் வேக ஓட்டத்துக்கு இந்த வருஷமும் பெயர் கொடுத்துவிட்டேன். அதே வண்டி, அதே எஞ்சின். அதை எடைக்குப் போடச் சொல்லி எழுதியிருந்தாய். போடவில்லை.

லேத் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் புது சிலிண்டர், புது பிஸ்டன் போட்டாயிற்று. நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் அவருக்கும் எனக்கும் பெரிய ரகளை. "கொஞ்சம் தளர்வா விடும்மா, போன தடவ பட்டது போதாதா?" என்றார். நீ வைத்த அளவுதான், அதில் ஒரு மயிரிழை கூட்டினாலும் எஞ்சினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு செய்து கொடுத்தார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று இப்போது கேட்காதே.

அந்த மனிதர் இன்னும் உன்னைப் "பூட்டு" என்றுதான் சொல்கிறார். எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நான் விழுந்த நாளில் வைத்த பெயர், எல்லா ஷெட்டிலும் பரவிவிட்டது. பூட்டு கட்டின எஞ்சினில் எவன் உட்காருவான் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். இருபது வருஷம் எஞ்சின் கட்டினவனுக்கு ஒரே நாளில் இந்தப் பெயர். நீ ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் எனக்குத் தெரியாதா என்ன?

உன் எஞ்சின் தருவது தொண்ணூற்றிரண்டு குதிரைசக்தி. அதைக் கூட்டப்போவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு தள்ளும், அதைப் பிளந்துகொண்டு போக எட்டு மடங்கு குதிரை வேண்டும் என்று பேப்பரில் போட்டுக் காட்டியவன் நீதான். போட்டுக் காட்டிவிட்டு அடுத்த நாளே "இன்னும் பத்து குதிரை ஏத்தறேன்" என்று ஸ்பானரை எடுப்பாய்! நான் சீட் தைக்கிறவள், எனக்குத் தெரிந்தது ஸ்பாஞ்ச். என் உடம்புக்குப் பொருத்தமாக ஸ்பாஞ்சைச் செதுக்கி முழங்கைகளை உள்ளே மடக்கியிருக்கிறேன். தாடையை டாங்க் மேல் வைத்தே படுக்கிறேன். முதுகுக்குப் பின்னால் காற்று சுழலாமல் போக, வண்டியை மூடுகிற புது பைபர் கூட்டின் வாலை ஒரு முழம் நீட்டியாயிற்று. காலி ரோட்டில் நூறில் போய்க் கிளட்சைப் பிடித்து உருள விட்டால், பழைய கூட்டை விட அறுபது அடி கூடுதலாகப் போய் நிற்கிறது. உன் அத்தான்தான் டேப் பிடித்து அளந்தார். முப்பது வருஷமாகப் பள்ளி பஸ் ஓட்டி அறுபதைத் தாண்டாத மனிதர். நூறு என்றதுமே அவருக்கு வியர்க்கிறது.

அடுத்த வாரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அதற்குப் பிறகு எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

நேற்றுக் காலை ஏரிப் படுகையில் இரண்டு தடவை ஓட்டினேன். கூட்டின் முன்பக்கம், ஆயிலை ஆறவைக்கிற ரேடியேட்டருக்குக் காற்றுப் போக ஒரு வாய் விட்டிருப்பாயே, இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம், புதுக் கூட்டிலும் அதே அளவில் விட்டிருக்கிறேன். முதல் தடவை அதைத் திறந்து வைத்து ஓட்டினேன். நான்கு கிலோமீட்டர் முடிவில் ஆயில் சூடு நூற்றைந்து டிகிரி. இரண்டாவது தடவை அதை டேப் ஒட்டி மூடினேன். வண்டி மூன்று கிலோமீட்டர் வேகம் கூடுதலாகத்தான் போனது. ஆனால் பாதி தூரத்திலேயே சூடு நூற்று நாற்பத்தெட்டு, முள் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

போன வருஷம் அதை மூடியது நான்.

ஆமாம், நான்தான். முதல் ஓட்டத்தில் மணிக்கு இருநூற்று அறுபத்தேழு புள்ளி இரண்டு கிலோமீட்டர் வந்தது. பழைய சாதனை இருநூற்று அறுபத்தெட்டு புள்ளி மூன்று. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் இன்னொரு தடவை ஓட்ட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. எனக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் கூடுதலாகத் தேவைப்பட்டது. நீ பெட்ரோல் எடுக்கப் போயிருந்தாய். கேட்டால் விடமாட்டாய் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. வெள்ளைக் கூட்டில் வெள்ளை டேப், யார் கண்ணுக்கும் படவில்லை. ஏற்கெனவே கொதித்துப்போயிருந்த எஞ்சின். ஆயில் தண்ணீராக இளகிவிட்டது, பிஸ்டன் வீங்கி சிலிண்டரில் பிடித்துக்கொண்டது. கூடு சுக்குநூறானதில் டேப்பும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நீ என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இடைவெளிய இறுக்கி வச்சிட்டேங்கா, என் கைதான், நான்தான் உன்ன இப்படிப் பண்ணிட்டேன்" என்று அழுதாய். நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். முதல் இரண்டு நாள் மருந்து மயக்கம் என்று வைத்துக்கொள். மூன்றாம் நாள் எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேர் நடுவில் வண்டி ஓட்டுகிற ஒரே பொம்பளை, பேராசையில் தானே தன் வண்டியைக் கெடுத்துக்கொண்டாள் என்று சொல்வார்களே என்று பயந்தேன். இரண்டு விரல் டேப்பால் என்ன ஆகியிருக்கும், தம்பி சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பின அன்றும் வாசலில் நின்று கையாட்டினேன். சண்டாளி.

உன் அளவு தப்பா, என் டேப் தப்பா என்று தெரிந்துகொள்ளத்தான் லேத் கடைக்காரரிடம் அப்படி மல்லுக்கு நின்றேன். இப்போது தெரிந்துவிட்டது.

உன் அத்தானிடம் நேற்றே சொன்னேன். இன்று காலை, "முதல்ல அவனுக்கு எழுது, அப்புறம் எனக்குக் காப்பி குடு" என்றார்.

ஓட்டத்துக்கு நான் போவேன். உன் அளவு, உன் எஞ்சின், வாயைத் திறந்து வைத்து, எல்லோர் கண் முன்னாலும். எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

அக்கா


வெள்ளிக்கிழமை, ஏரிப் படுகையில் இருந்து திரும்பி வந்து

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நியாயம்தான். ஆனாலும் நடந்ததை நீ என் கையால் எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டத்துக்கு முன்னால் ஓட்டுகிறவர்களையும் மெக்கானிக்குகளையும் கூட்டி விதிமுறை சொல்வார்கள் இல்லையா, அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். நாற்பது பேர் இருப்பார்கள். போன வருஷம் என் எஞ்சின் இறுகியதற்கு அதைக் கட்டினவன் காரணமில்லை, காற்று வாயை அவனுக்குத் தெரியாமல் நான் மூடினேன், ஒரு வருஷம் அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு இருந்தேன் என்று சொன்னேன். கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். லேத் கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போட்டி அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னைக்கு மூடமாட்டீங்கல்ல?" என்றார். மூடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முதல் ஓட்டம் இருநூற்று அறுபத்தொன்பது புள்ளி ஒன்று. போன வருஷத்தை விட இரண்டு கிலோமீட்டர் கூடுதல், ஒரு குதிரைகூட ஏற்றாமல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் இருநூற்று அறுபத்தேழரைக்கு மேல் ஓட்டினால் சாதனை நம் கையில். வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். அப்போது பார்த்து எதிர்க்காற்று கிளம்பிற்று. கொடித் துணி படபடவென்று என் முகத்தைப் பார்த்து அடித்தது.

உண்மையைச் சொல்கிறேன். பாதி வாயை மட்டும் மூடினால் என்ன என்று தோன்றிற்று. நாற்பது பேர் முன்னால் பேசி மூன்று மணி நேரம் ஆகவில்லை, கையெழுத்தின் மை காயவில்லை. எனக்கு வெட்கமே கிடையாது, பார். பெட்டியில் இருக்கிற எல்லா டேப்பையும் எடுத்துக்கொண்டு வேனில் போய் உட்காருங்கள் என்று உன் அத்தானை விரட்டினேன். மனிதர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நான்கு சுருளையும் சீட்டில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது ஓட்டம் இருநூற்று அறுபத்தாறு புள்ளி ஒன்பது. சராசரி இருநூற்று அறுபத்தெட்டு. புள்ளி மூன்று கிலோமீட்டரில் போயிற்று.

அழவில்லை. இறங்கினதும் முதலில் ஆயில் முள்ளைப் பார்த்தேன். நூற்றுப் பத்து. எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஆயில் கீழே விழவில்லை.

லேத் கடைக்காரர் அவராகவே வந்தார். எஞ்சினைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். பந்தலிலேயே, எல்லோரும் சுற்றி நிற்க, பிஸ்டனைக் கழற்றித் துடைத்து மூன்று தடவை அளந்தார். ஒரு கீறல் இல்லை. "இந்த அளவுல தப்பே இல்லம்மா. ஒண்ணும் தெரியாம நாந்தான் வாயக் குடுத்துட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். உன் விலாசம் கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை. முதலில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

மன்னிப்பைக் கேட்கவில்லை. அது நீயாகத் தந்தால் உண்டு. வேறொன்று கேட்கிறேன். அந்தப் புள்ளி மூன்றுக்கு எத்தனை குதிரை வேண்டும் என்று நீ சொல்லித்தந்தபடி பேப்பரில் போட்டுப் பார்த்தேன். அரைக் குதிரைகூட முழுசாக வரவில்லை. என் பக்கம் செதுக்குவதற்கு இனி ஸ்பாஞ்ச் பாக்கியில்லை, எலும்புதான் பாக்கி. லேத் கடைக்காரர், எங்கே நெம்பினால் அந்த அரைக் குதிரை வரும் என்று தனக்குத் தெரியும், தானே செய்து தருகிறேன் என்கிறார். அந்த எஞ்சினில் வேறொருவர் கைவைக்க நான் சம்மதிக்கவில்லை. கழற்றினது கழற்றினபடி, நல்ல துணியில் சுற்றி என் தையல் மேஜை மேல் இருக்கிறது. சீட் உறைகளைத் தரையில் உட்கார்ந்து தைக்கிறேன்.

அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. என்னைத் திட்டுவதற்கே உனக்கு ஒரு மாதம் வேண்டியிருக்கும். அதனால் சீக்கிரம் கிளம்பி வாடா.

உன் அக்கா