ஆறு கார் நிற்கும் இடம்

12.10.2003
எனக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் பரிமளா எழுதுகிறாள். சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எந்தக் கார் எந்த ஊரில் யாரிடம் இருந்தது என்று அப்பா சொல்வதை எல்லாம் எழுதி வை என்று மகன் முத்துவேல் அவளிடம் கொடுத்தான். லாரி வைத்துப் பிழைக்கிறவன். பழைய கார் என்றால் பைத்தியம். நான் முப்பது வருஷம் பண்ணையில் கார் ஓட்டியவன்.

இன்று சொன்னது: ரஞ்சன்குடி போகும் வழியில் அரிசி மில்காரர் வீட்டில் ஒரு லேண்ட்மாஸ்டர். பச்சை. இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். அறுபத்து நாலில் கடைசியாகப் பார்த்தேன்.

19.10.2003
இருந்தது! வைக்கோலுக்கு அடியில். கயிறுகூட அப்படியே இருந்ததாம். முத்துவேல் தெருவுக்கே கேட்கும்படி, "எங்கப்பாவுக்குக் கையெழுத்து வராது. ஆனா தலைக்குள்ள ஒரு ஆபீஸே வச்சிருக்காரு" என்றான்.

இத்தோடு ஐந்து கார். ஐந்தும் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றன. "பொணத்தக் கெடத்துன மாதிரி இருக்குங்க மாமா. கோலம் போட எடமில்ல" என்கிறாள் பரிமளா.

3.11.2003
திங்கள்கிழமை, வழியில் உள்ள அம்மன் கோயில் நடை திறக்கும் நாள். கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இன்ஜினியர் அருள்முருகன் வரும்போது மதியம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் உள்ள மனையை டேப் பிடித்து அளந்தார். அறுபத்து நாலு அடி அகலம். வரிசையாக ஆறு கார். ஒவ்வொன்றுக்கும் கதவை முழுசாகத் திறக்க இடம். அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி. முத்துவேல் செங்கல்லை வைத்து வைத்து, "இங்க ஜீப்பு, இங்க ஹெரால்டு" என்று நடந்து காட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

"பட்டா அய்யா பேர்ல முழுசா இருக்கு. ஒரு சிக்கலும் இல்ல" என்றார் இன்ஜினியர்.

மனையின் தெற்குப் பாதியில் என் தம்பி பெண்சாதி வீரம்மாள் மாடு கட்டுகிறாள், அதை ஒட்டித்தான் அவள் கூரை வீடு. தம்பி தங்கசாமி போய் நாலு வருஷம். "சின்னம்மா மாட்ட வேற எங்கயாச்சும் கட்டிக்கும். என்னப்பா?" என்றான் முத்துவேல்.

தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

4.11.2003
சொல்ல இன்று ஒரு காரும் இல்லை.

7.11.2003
காலையில் வீரம்மாள் வந்தாள். உள்ளே வரவில்லை.

"மாட்ட அவுத்துக்கச் சொல்லிட்டான் உங்க மவன். அது செனையா நிக்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாமா."

"பாப்போம்" என்றேன்.

"என்னத்தப் பாப்போம்? அதான் பாத்துக்கிட்டே இருக்கீங்களே, எத்தன வருசமா."

போய்விட்டாள். அவளுக்குத் தெரியுமா? தம்பி சொல்லியிருப்பானா?

13.11.2003
மத்தியானம் பரிமளாவிடம் டைரியை எடுக்கச் சொன்னேன்.

"என்ன காருங்க மாமா?"

கார் இல்லை, எழுது என்றேன்.

அறுபத்து ஒன்றில் எங்கள் அப்பா முன்னால் நின்று மனையைப் பங்கு வைத்தார். வடக்கே முப்பத்திரண்டு அடி எனக்கு, தெற்கே முப்பத்திரண்டு தம்பிக்கு. கமலைக் கயிற்றைப் போட்டு அளந்தது. எழுத்து கிடையாது. எண்பத்து நாலில் சர்வேக்காரர் வந்து இடம் யாருது என்று கேட்டார். தம்பி அன்றைக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போயிருந்தான். இரண்டு பேர் என்றால் இரண்டு பேரும் நேரில் ரேகை வைக்க வேண்டும், நாளைக்குக் கூட்டி வாங்க என்றார். மறுநாள் முதலாளியைத் திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "என் பேர்லயே போட்டுக்குங்க" என்றேன்.

அதுவரைக்கும் அது சோம்பல். அதற்குப் பிறகு?

தம்பி சர்க்கார் தொகுப்பு வீட்டுக்கு மனு கொடுத்தான். பட்டா இல்லை என்று திருப்பிவிட்டார்கள். "அண்ணே, ஒரு நாளு வாங்க, பேர மாத்திட்டு வந்துடலாம்" என்றான். கடலை பிடுங்கட்டும் என்றேன். பொங்கல் கழியட்டும் என்றேன். வண்டி வேலை இருக்கிறது என்றேன். மூன்று தடவை கேட்டான். நாலாவது தடவை கேட்கவில்லை. ஒழுகுகிற கூரைக்கு அடியிலேயே செத்தான். கேட்டது, நான் சொன்னது, அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை, எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றுகூட மறக்கவில்லை. மறந்திருந்தால் தேவலை.

பரிமளாவின் கை நின்றுவிட்டது. "இத அவருகிட்ட நான் சொல்லட்டுங்களா?"

வேண்டாம். என் வாயால் வர வேண்டியது.

20.11.2003
சொல்லவில்லை.

24.11.2003
இன்ஜினியர் காகிதத்தோடு வந்தார். பட்டா என் பேரில் இருப்பதால் பிளானுக்கு என் ரேகை வேண்டும். முத்துவேல் மை டப்பாவைத் திறந்து நீட்டினான். கையை மூடிக்கொண்டேன்.

"என்னப்பா?"

சொன்னேன். இன்ஜினியர் முன்னாலேயே சொன்னேன்.

முத்துவேல் மை டப்பாவை மூடினான். பிறகு இன்ஜினியரிடம் சிரித்துக்கொண்டே, "வயசாச்சு சார். ஞாபகம் தப்புது" என்றான்.

அடுப்படியிலிருந்து பரிமளா வந்தாள், கையில் இந்த டைரி. "லேண்ட்மாஸ்டருக்குத் தப்பல. ஜீப்புக்குத் தப்பல. இதுக்கு மட்டும் தப்புதாங்க?"

"நீ உள்ள போடி."

அவள் போகவில்லை. இன்ஜினியர்தான் போனார். அதற்குப் பிறகு முத்துவேல் என்னிடம் ஒன்று கேட்டான். "இருவது வருசம் வாயத் தெறக்காம இருந்துட்டு, நான் ஷெட்டு போடறப்பதான் தம்பி ஞாபகம் வருதா ஒங்களுக்கு?"

கேட்டது சரிதான்.

2.12.2003
வீரம்மாளிடம் போய்ச் சொன்னேன். சாணி தட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அவரு போறதுக்கு மொத வாரம் சொன்னாரு. அண்ணன நீ போயிக் கேக்காத, அண்ணனே ஒரு நாளு சொல்லும்னாரு. இன்னிக்குத்தான் அந்த நாளா?"

இருட்டுவதற்குள் பெரம்பலூரில் மனு எழுதக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"குடுங்க. அதுக்கு நான் என்னா பண்ணணும், கால்ல வுழுவணுமா?"

19.12.2003
கன்று போட்டுவிட்டது. கிடேரி. பரிமளா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

9.3.2004
மனை உட்பிரிவு ஆகி, தெற்குப் பாதி வீரம்மாள் பேருக்கு வந்துவிட்டது. சர்வேயர் வந்து கல் நட்டார். முப்பத்திரண்டு அடி. அன்றைய கயிற்றுக்கும் இன்றைய டேப்புக்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. முத்துவேல் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

6.6.2004
ஷெட் முடிந்து இன்று கார்களை உள்ளே விட்டார்கள். அகலம் பாதிதான். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. குழி கிடையாது. கதவைப் பாதி திறந்து ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டும். பின்னால் நிற்கும் லேண்ட்மாஸ்டரை எடுக்க வேண்டுமென்றால் ஹெரால்டை வெளியே தள்ள வேண்டும். தள்ளும்போதெல்லாம் முத்துவேல் தெற்கே ஒரு பார்வை பார்க்கிறான். போன கார்த்திகைக்குப் பிறகு ஒரு காரைப் பற்றியும் அவன் என்னிடம் கேட்கவில்லை. ஆறாவது காரை வேறு யாரோ சொல்லி வாங்கினான்.

12.6.2004
வீரம்மாள் வேலி போட்டுவிட்டாள். சர்வேயர் நட்ட கல்லில் பிடித்து, கடைசி வரைக்கும் முள்ளுக்கம்பி.

13.6.2004
சாயங்காலம் தெருவைச் சுற்றி அவள் வாசலுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்த வாசல் வழியாக நான் போனதேயில்லை, எப்போதும் கொல்லை வழிதான். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

என்னவென்று சொல்வது?

"அய்யாக்கண்ணு" என்றேன்.

திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது தாழ்ப்பாள் எடுத்தாள். வெளியூர் ஆளுக்குப் போடுவது போலப் பாயை உதறிப் போட்டாள். செம்பில் தண்ணீர் வைத்தாள்.

குடித்துவிட்டு வந்தேன்.