கூடத்திலிருந்து பின்வாசல் வரை

பிப். 7, வெள்ளி

காலையில் பனி. நேற்றோடு இத்தா, புருஷன் போனால் வீட்டோடு இருக்கிற நாலு மாசம் பத்து நாள், முடிந்தது. அவர் மவுத்தானதிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. சுகருக்கு நடக்கணும் என்று டாக்டர் சொன்னதால் கூடத்திலிருந்து பின்வாசல் வரை போவதும் திரும்புவதும். அவ்வளவுதான் என் நடை.

ஜும்மா முடிந்து கொழுந்தன் ரஷீத் வந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற எங்கள் செருப்புக் கடைச் சாவியைக் கேட்டார். "நீங்க வூட்டோட இருங்க அண்ணி. செலவுக்கு நான் குடுத்துடறேன்." மரியாதையாகத்தான் கேட்டார். அதனாலேயே எனக்குக் கோபம் ஜாஸ்தி. ஆனால் நான் ஒரு நாளும் கல்லாவில் உட்கார்ந்ததில்லையே. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

தம்பி நஜீர் போன். எங்கேயாவது போகலாமா என்றான். கடல் என்று வாயில் வந்துவிட்டது. வெள்ளிமலைக்கு, ஏற்காட்டுக்கு எல்லாம் அவர் கூட்டிப் போனார். கடல் மட்டும் கடையில் சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது.

பிப். 8, சனி

விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டுக் கார். நஜீர், அவன் மனைவி சமீனா, நான். புளிச்சோறு. மரக்காணம் தாண்டி சவுக்குத் தோப்புக்குள் மண் ரோடு. கரையில் ஒரு சுண்டல் வண்டிகூட இல்லை. படகு ஒன்று, நாய் ஒன்று. மணல் வெள்ளை வெளேரென்று, சலித்த அரிசிமாவு மாதிரி.

செருப்பைக் கழற்றினேன். செருப்புக் கடைக்காரன் பெண்டாட்டி வெறுங்காலோடா என்று அவர் கேலி பண்ணியிருப்பார். அழுகை வந்தது. அடக்கவில்லை.

நடக்கச் சுலபம். ஈர மணல், மேடு பள்ளம் கிடையாது. நான் பாட்டுக்கு நடந்தேன். எவ்வளவு நேரமோ. சமீனா வந்து கையைப் பிடித்தாள்.

"இன்னா அண்ணி, போறீங்க, திரும்பறீங்க, மறுபடி போறீங்க. அங்க செவுரா இருக்குது?"

குனிந்து பார்த்தேன். எங்கள் வீட்டு நீளத்துக்கு மணல் மிதிபட்டுக் கிடந்தது. இத்தனை பெரிய கரையில் பின்வாசல் வரைக்கும்தான் போயிருக்கிறேன். பயமாகிவிட்டது.

கையை விடுவித்துக்கொண்டு நேராக நடந்தேன். நஜீர் கூப்பிடுவது கேட்காத தூரம் வரைக்கும்.

பிப். 9, ஞாயிறு

கெண்டைக்கால் வலி. சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு. பாவாடை மடிப்பில் மணல். உதற மனசில்லை.

பிப். 10, திங்கள்

நல்ல வெயில். ரஷீத் வந்தார். டீ கொடுத்தேன். நான் புர்கா போடுவதைப் பார்த்து எங்கே என்றார்.

"கடைக்குத்தாங்க. ஷட்டர் கனம். நீங்க தூக்கி மட்டும் விட்டுடுங்க."

டீயைக் குடித்துவிட்டுக் கூட வந்தார். தூக்கிவிட்டார். உள்ளே ஒரே தூசி. கல்லா நாற்காலியைத் துடைத்தேன். உட்கார்ந்தேன்.